இந்தப் பருவத்தில் எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணியில் அதிகம் முன்னேறியவர் யார்?

கோல் கணக்கைப் பார்ப்பவர்கள் முன்கள வீரரைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் சென்ற ஆண்டும் கோல் அடித்தவர்தானே. என் கணிப்பில் கோல் காப்பாளருக்கே முதலிடம். திருகோணமலையின் கச்சான் காற்றில் உயரப் பந்து எங்கே இறங்கும் என்பது கோணேசருக்கே வெளிச்சம். முன்பு கோட்டிலேயே நின்று தவித்தவர், இப்போது துணிந்து முன்னே வந்து பந்தைக் குத்தி வெளியேற்றுகிறார். 2025இல் வந்த விதிப்படி, காப்பாளர் பந்தை 8 வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை கிடைக்கும். அதனால் விரைவாக உருட்டிவிடவும் பழகிவிட்டார்.

அந்தப் பந்தை வாங்கும் இடது பின்கள வீரர் அடுத்தவர். வலது காலை மட்டுமே நம்பியிருந்தவர், மாலைதோறும் சுவரில் உதைத்து இடது காலையும் பழக்கினார். நடுக்களமா? அங்கே சென்ற ஆண்டின் கதையேதான்.