தோப்புக்குள் டவர் லைன்: மனுவில் எதை முதலில் எழுதுவது?

கேள்வி: சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். பாதி தென்னை, மீதியில் கடலையும் கண்மாய்த் தண்ணீரில் நெல்லும். தெற்கே காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோக 230 கிலோவோல்ட் டவர் லைன் வருகிறதாம். அளந்து, தென்னையில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். ஊரே எதிர்க்கிறது. கம்பிக்குக் கீழே மேய்ந்தால் மாடு சினை பிடிக்காது, பால் வற்றும் என்கிறார்கள். உண்மையா? லைனைத் தடுக்க முடியுமா?

பதில்: கம்பிக்குக் கீழே மேய்வதால் சினை பிடிக்காது, பால் வற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மனுவில் அதை முதலில் எழுதினால் ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். உங்களுடைய வலுவான காரணங்களும் அதோடு அடிபட்டுப் போகும். உண்மையான ஆபத்து வேறு. டவர் காலில் மாட்டைக் கட்டாதீர்கள். இடி விழுந்தாலோ லைனில் கோளாறு வந்தாலோ அந்த இடத்து மண்ணிலேயே மின்சாரம் பாயும். லைனை ஒட்டி ஓடும் கம்பி வேலிக்கு எர்த் போடச் சொல்லுங்கள். தேங்காய் பறிக்க இரும்பு, அலுமினியத் தொரட்டி அந்தப் பக்கமே கூடாது.

தடுக்க முடியுமா என்றால், சட்டம் அவர்கள் பக்கம் சாய்ந்தே இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டம் பிரிவு 164, 1885 தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்பாதை போடுகிறவர்களுக்கு வாங்கித் தருகிறது. நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை, பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். நீங்கள் மறித்தால் ஆட்சியர் தந்திச் சட்டத்தின் பிரிவு 16-ன்படி அனுமதி கொடுக்கலாம். 2018-ல் கொங்குப் பகுதி விவசாயிகள் புகளூர் உயர் மின்னழுத்த லைனை எதிர்த்து எவ்வளவோ போராடியும் லைன் வந்தது. ஆனால் அஸ்திவாரம் தோண்டும் முன்பு, 'இந்த இடம் வேண்டாம், அந்த இடம்' என்று வரைபடத்தோடு ஊராகப் போய்க் கேட்டால் டவரைத் தள்ளி வைக்க வாய்ப்பு உண்டு.

அதற்கு உங்கள் ஊரில் கையிலிருக்கும் பெரிய காரணம் வரத்துக்கால். நம் பக்கம் ஆற்றுப் பாசனம் குறைவு. மேட்டுச் செம்மண்ணில் விழும் மழை வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வந்தால்தான் நெல். டவர் அதில் உட்கார வேண்டும் என்றுகூட இல்லை. லாரி போக நாலு லோடு கிராவல் கொட்டிவிட்டு அள்ளாமல் போனாலே போதும், உங்கள் கண்மாயும் வறளும், அது நிரம்பி மறுகால் போகும் அடுத்த கண்மாயும் வறளும். கிராம வரைபடத்தில் வரத்துக்கால்களைக் குறித்து, அந்தக் கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடுங்கள். இது ஒருவருடைய தோப்புப் பிரச்சினை என்று யாரும் ஒதுக்க முடியாது.

அடுத்து அடங்கல், அதாவது யார் நிலத்தில் என்ன பயிர், என்ன மரம் என்று எழுதும் கிராமக் கணக்கு. 220 கிலோவோல்ட் லைனுக்குச் சுமார் 35 மீட்டர் அகலம் விடுவது வழக்கம். உங்களுடையதும் ஏறத்தாழ அவ்வளவே. அதற்குள் தென்னை நிற்க விடமாட்டார்கள். நம் பக்கம் பலருக்கு நிலத்தில் தென்னை இருக்கும், அடங்கலில் இருக்காது. இன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். மரத்தின் வயது, ரகம், வருஷக் காய்ப்பு மூன்றையும் தோட்டக்கலைத் துறையினர் முன்னால் எண்ணி எழுத வையுங்கள். ஒவ்வொரு மரத்தையும் போட்டோ எடுங்கள். மரம் விழுந்த பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

2015-ல் மத்திய மின்துறை டவர் அடி நிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் இழப்பீடு என்று வழிகாட்டியது. 2024 ஜூனில் அதை 200 சதவீதமாகவும், கம்பிக்குக் கீழான பட்டைக்கு 30 சதவீதமாகவும் உயர்த்தியது. இது மாநிலங்களுக்கான வழிகாட்டுதல். உங்களுக்கு எந்த விகிதம் என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். தொகை போதாவிட்டால் 'ஆட்சேபணையுடன் பெறுகிறேன்' என்று எழுதி வாங்குங்கள். பிரிவு 16(3)-ன்படி மாவட்ட நீதிபதியிடம் போக அது உதவும்.

பயிர்ச் சேதம் ஒரு தடவையோடு முடியாது. அஸ்திவாரத்துக்கு, டவர் நிறுத்த, கம்பி இழுக்க என்று மூன்று முறை வருவார்கள். மூன்றையும் தனித்தனியாகக் கணக்கெழுத வையுங்கள். கம்பி இழுப்பதை நெல் அறுப்பு முடிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழி தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகக் குவிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். அடியிலிருக்கும் செம்பொறை என்ற கெட்டி மண் மேலே வந்துவிட்டால் அந்த இடத்தில் பல வருஷம் கடலை பிடிக்காது.

வேலை முடிந்ததும் லாரி ஓடி இறுகிய இடத்தை உளிக் கலப்பையால் உழுது, சணப்பு விதைத்து மடக்கி, ஆட்டுக் கிடை போடுங்கள். அந்தப் பட்டையில் கடலை, உளுந்து, நெல் தாராளமாக வரும். எலுமிச்சை, கொய்யா வைப்பதானால் கவாத்து செய்து தாழ்வாகவே வைத்திருங்கள். குழி தோண்டும் முன்பே மண் எடுத்துக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் பரிசோதித்து, அந்த அறிக்கையையும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.