அரிசியில் ஆர்செனிக்கா, காட்மியமா? கடற்கரை ஊர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தானியங்களைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். அரிசி, கேழ்வரகு, கம்பு போன்றவற்றில் கன உலோகம் கலந்திருப்பதைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். அளவுகள் எல்லாம் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்.

தொண்டி: அக்கா, அரிசியில் ஆர்செனிக் இருக்கிறது, சோறே சாப்பிடக் கூடாது என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. நிஜமா?

அரிசியில் ஆர்செனிக் இருப்பது நிஜம். சோறே கூடாது என்பது நிஜமில்லை. வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று போகாது. அந்த நிலையில் இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடக்கும் ஆர்செனிக் கரைந்து வெளியே வரும். நெற்பயிருக்கு சிலிக்கா நிறைய வேண்டும். சிலிக்கா உள்ளே போகும் அதே வாசல் வழியாக ஆர்செனிக்கும் நுழைந்துவிடும். கம்பு, கேழ்வரகு, கோதுமையை விட அரிசியில் இது கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆர்செனிக்கில் ஆபத்தான வடிவம் கனிம ஆர்செனிக். அதற்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பு தீட்டிய அரிசியில் 0.2, தீட்டாத அரிசியில் 0.35. தவிட்டில்தான் அது அதிகம் சேர்கிறது, அதனால்தான் இந்த வித்தியாசம். வீடியோக்களில் காட்டும் மோசமான பாதிப்பு பெரும்பாலும் வங்காளத்துக் கதை. அங்கே குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலேயே ஆர்செனிக் இருக்கிறது, அதையே குடிக்கிறார்கள், வயலுக்கும் பாய்ச்சுகிறார்கள். அந்தப் பயத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் சட்டியில் போட வேண்டாம்.

திருவாடானை: எங்கள் பக்கம் புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைக்கும் புழுதி விதைப்புதான். மழை பெய்தால் தண்ணீர், கண்மாய் வற்றினால் வயல் காய்ந்துவிடும். அப்படியென்றால் எங்கள் நெல்லில் பிரச்சினையே இல்லைதானே?

ஆர்செனிக்கைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி அண்ணே. காய்ந்த மண்ணில் அது கட்டுண்டு கிடக்கும். ஆனால் காட்மியம் இதற்கு நேர் எதிர். தண்ணீர் நிற்கும்போது அது கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் இருக்கும், வயல் காய்ந்து காற்று உள்ளே போனதும் கரைந்து வேருக்குள் போகும். நமக்குக் கதிர் வந்து பால் பிடிக்கும் மார்கழி, தை மாதங்களில்தான் கண்மாய் கைவிடுகிறது. காட்மியம் மணிக்குள் ஏறுவதும் அந்தச் சமயத்தில்தான்.

நம் கரையோர மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. உவர் நிலத்தில் இருக்கும் குளோரைடு காட்மியத்தோடு இணைந்து, அதை மண்ணிலிருந்து பிரித்துப் பயிருக்குக் கொடுத்துவிடும். அதே சமயம் மண் காரத்தன்மையோடு இருந்தால் காட்மியம் அடங்கிக் கிடக்கும். ஒன்று ஏற்றும், ஒன்று இறக்கும். அதனால் ஊகத்தில் பயப்படவும் வேண்டாம், ஊகத்தில் நிம்மதி அடையவும் வேண்டாம். இந்தக் கரையில் யாராவது என்னிடம் "ஒரே ஒரு உலோகத்துக்குத்தான் காசு இருக்கிறது, எதைப் பார்ப்பது?" என்று கேட்டால், காட்மியம் என்றுதான் சொல்வேன். ஊரே ஆர்செனிக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாலும் என் பதில் அதுதான்.

தீட்டிய அரிசிக்குக் காட்மியத்தின் கோடெக்ஸ் வரம்பு 0.4. அது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் பாதியளவு வெளியேறவே பத்து முதல் முப்பது வருஷம் பிடிக்கும். ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு கலந்த தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. வலியில் "இத்தாய், இத்தாய்" என்று கத்தியதே அதற்குப் பெயராகி, 1968-இல் அந்நாட்டு அரசு அதைக் காட்மியத்தால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. நம்மிடம் அப்படிச் சுரங்கம் எதுவும் இல்லை. இங்கே வருகிற வழி பாஸ்பேட் உரம். பாறைப் பாஸ்பேட்டில் காட்மியம் இயற்கையாகவே கலந்திருக்கும். மண் பரிசோதனையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) போதுமென்று வந்தால், பழக்கத்துக்காக டிஏபி என்ற பாஸ்பேட் உர மூட்டையைப் பிரிக்காதீர்கள். துத்தநாக சல்பேட்டைத் தவறாமல் போடுங்கள், துத்தநாகம் காட்மியத்தோடு போட்டி போடும். கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தால் அதைப் பூக்கும் தருணத்துக்கும் அதற்கு அடுத்த மூன்று வாரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மகசூலுக்கும் அது நல்லதுதான்.

தேவிபட்டினம்: எங்கள் அரிசிக்கு ரிப்போர்ட்டில் ஆர்செனிக் 0.27 என்று வந்திருக்கிறது. 0.2 தாண்டிவிட்டதே அக்கா, சரக்கை என்ன செய்வது?

அவசரப்படாதீர்கள் தம்பி. அந்த வரியில் "மொத்த ஆர்செனிக்" என்று இருக்கிறதா, "கனிம ஆர்செனிக்" என்று இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். 0.2 என்ற வரம்பு கனிம வடிவத்துக்கு மட்டும்தான். அதுதான் புற்றுநோய் வரை கொண்டுபோகும் வடிவம். பரிசோதனைக் கூடங்கள் தங்கள் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனம் விற்கும் ஓர் அரிசி மாவை வாங்கி வைத்திருக்கும். அதில் மொத்த ஆர்செனிக் 0.285, கனிம ஆர்செனிக் வெறும் 0.092. மொத்தத்தை மட்டும் பார்த்தால் அந்த மாவும் "ஃபெயில்"தான்! உங்கள் மாதிரிக்கு வடிவம் பிரித்து அளக்கும் சோதனை கேளுங்கள். செலவு கூடும், ஆனால் அது இல்லாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மீனில் ஆர்செனிக் இருக்கிறதே என்று கேட்ட மற்றவர்களுக்கும் இதே பதில்தான். கடல் மீனில் இருப்பதில் பெரும்பகுதி ஆர்செனோபீட்டைன் என்ற கரிம வடிவம். உடம்பு அதை அப்படியே வெளியே அனுப்பிவிடும்.

பாம்பன்: லேபில் என்னதான் செய்கிறீர்கள்?

அரிசியை மாவாக்குவோம். எஃகு பிளேடு தேய்ந்து குரோமியமும் நிக்கலும் மாவில் கலந்துவிடும் என்பதால் பீங்கான் வகை அரவைதான் பாதுகாப்பு. அதில் அரை கிராம் எடை போட்டு, நைட்ரிக் அமிலம் விட்டு, மூடிய குழாயில் மைக்ரோவேவில் சூடேற்றுவோம். ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் செம்பழுப்புப் புகை வரும். உள்ளே மாவு இருந்த சுவடே இருக்காது, இளநீர் மாதிரித் தெளிந்த திரவம் மட்டும் நிற்கும். அதைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, ஐசிபி-எம்எஸ் கருவிக்குள் ஆர்கான் வாயுவின் சுடரில் தெளிப்போம். அணுக்கள் மின்னூட்டம் பெற்றதும் கருவி எடை வாரியாகப் பிரித்து எண்ணும்.

உப்பு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். ஆர்செனிக்கின் எடை 75. ஆர்கான் 40, குளோரின் 35, இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதுவும் 75! உப்புக் கலந்த மாதிரியில் இல்லாத ஆர்செனிக் இருப்பதுபோல் தெரியும். இதைத் தடுக்க ஹீலியம் வாயு நிரப்பிய அறை வழியாக அனுப்புவோம், அந்த ஒட்டுத்துகள் அங்கே வேகம் இழந்து பின்தங்கிவிடும். அப்பளம், வடகம் போன்று உப்புப் போட்ட பண்டத்தை அனுப்புகிறவர்கள், ஹீலியம் முறையில் அளந்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சாயல்குடி: மாதிரி எப்படி எடுப்பது, எங்கே கொடுப்பது?

கருவிக்குள் போவது அரை கிராம்தான். அது உங்கள் நூறு மூட்டைக்கும் பேச வேண்டும். அதனால் மேல் மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் வேலைக்காகாது. பல மூட்டைகளில் மேலும் நடுவிலும் அடியிலுமாகக் குத்தி எடுங்கள். சுத்தமான விரிப்பில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ வரும் வரை இப்படியே குறைத்து, புதுப் பாலித்தீன் பையில் கட்டுங்கள். செய்தித்தாளில் பொட்டலம் கட்டாதீர்கள்.

பரிசோதனைக் கூடங்களுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் உள்ள கூடமாகப் பாருங்கள். அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட உலோகத்துக்கும் அந்தப் பண்டத்துக்கும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நமக்குப் பக்கத்தில் மதுரையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கடையில் வாங்கிய பொருளை, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கக் கேட்கலாம் என்று 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு சொல்கிறது. பொருள் சட்டத்துக்கு மாறாக இருப்பதாகப் பகுப்பாய்வாளர் கண்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். "கண்டறியப்படவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால், அந்தக் கூடத்தால் அளக்க முடிந்த குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். அது 0.5 என்றால் அந்த ரிப்போர்ட்டால் உங்களுக்குப் பயன் இல்லை.

மண்டபம்: வீட்டிலேயே பார்க்கும் கிட் கிடைக்கிறதாமே?

அவை பெரும்பாலும் பெயின்டில் காரீயம் பார்க்கும் குச்சிகள். அரிசிக்கு உதவாது.

கீழக்கரை: வடித்துச் சாப்பிட்டால் குறையும் என்கிறார்கள். நோன்புக் கஞ்சியை எப்படி வடிப்பது அக்கா?

நல்ல கேள்வி தங்கச்சி. ஒரு பங்கு அரிசிக்கு ஆறிலிருந்து பத்துப் பங்கு தண்ணீர் வைத்து வடித்தால் கனிம ஆர்செனிக் 40 முதல் 60 சதவீதம் வரை வடித்த தண்ணீரோடு போய்விடும். நம் பாட்டிமார் வடித்த முறையேதான். குக்கர் வந்த பிறகுதான் எல்லாம் சோற்றிலேயே தங்குகிறது. பி வைட்டமினும் கொஞ்சம் போகும், அது ஒரு நஷ்டம்தான். காட்மியம் இதற்கெல்லாம் பெரிதாக அசையாது.

கஞ்சிக்கு ஒரு வழி உண்டு. கொதிக்கும் தண்ணீரில் அரிசியைப் போட்டு ஐந்து நிமிஷம் கொதித்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வையுங்கள். 2020-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் சோதித்ததில் வெள்ளை அரிசியில் 73 சதவீதம், தீட்டாத அரிசியில் 54 சதவீதம் குறைந்தது. நொய்யரிசி என்றால் மெல்லிய துணியில் வடியுங்கள், இல்லையென்றால் குருணை ஓடிவிடும். நோன்பு முழுக்க தினமும் கஞ்சி குடிக்கும் வீட்டில் இந்த ஐந்து நிமிஷம் வீண் போகாது.

ஏர்வாடி: எட்டு மாதக் குழந்தைக்கு அரிசிக் கஞ்சிதான் கொடுக்கிறேன். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா, ஆனால் அரிசி மட்டுமே என்பதை மாற்றுங்கள். குழந்தையின் எடைக்குச் சாப்பாடு அதிகம் என்பதால், சிசுக்களுக்கான அரிசி உணவில் கனிம ஆர்செனிக் 0.1-ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-இல் வரையறுத்தது. பெரியவர்களுக்கான கோடெக்ஸ் வரம்பில் அது பாதி. ஒரு நாள் கேழ்வரகுக் கூழ், ஒரு நாள் கோதுமை, ஒரு நாள் அரிசி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். காரீயத்துக்கு மட்டும் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. அது பெரும்பாலும் தூசியாக ஒட்டி வருவது, எனவே அரைக்கும் முன் தானியத்தை நாலு தண்ணீர் விட்டு அலசிக் காயவையுங்கள், ரோட்டோரத்தில் காயப்போடாதீர்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் கலாயில் காரீயம் கலந்திருக்கலாம், குழந்தைக்கு எவர்சில்வர் போதும். இரும்புச் சத்து குறைந்த உடம்பு காரீயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சும். குழந்தைக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஆர்.எஸ்.மங்கலம்: மருந்து கலந்த விதை நெல் மீந்துவிட்டது. நன்றாகக் கழுவி அவித்துச் சாப்பிடலாமா? கோழிக்காவது போடலாமா?

இரண்டும் வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். ஈராக்கில் 1971-இல் மெத்தில் பாதரசம் பூசிய விதைக் கோதுமையை ஜனங்கள் அரைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். கழுவினால் சிவப்புச் சாயம் போயிற்று, பாதரசம் போகவில்லை. சிலர் கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள், சில நாளில் கோழிக்கு ஒன்றும் ஆகாததால் நம்பிச் சாப்பிட்டார்கள். அந்த விஷம் தலைகாட்டவே வாரக்கணக்கில் ஆகும். அரசுக் கணக்குப்படியே 6,530 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 459 பேர் இறந்தார்கள். இன்றைய விதைநேர்த்தி மருந்துகள் வேறு, ஆனால் அவையும் வயிற்றுக்கானவை அல்ல. மீந்த விதையை முளைப்புத் திறன் பார்த்து அடுத்த பட்டத்துக்கு வையுங்கள், இல்லையென்றால் விதைக்கிற யாருக்காவது கொடுங்கள். வைக்கும் சாக்கின் மேல் "விதை, மருந்து போட்டது" என்று பெரிதாக எழுதி, சமையலறைப் பக்கம் இல்லாமல் தனியாக வையுங்கள்.