2147483647: கேள்வி பதில்

எண் இதுதான்: 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கே: சார், புரோகிராம் எழுதும்போது இந்த எண் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஏன்?

ப: இது 2³¹ − 1. இரும எண்ணாக எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். 32 பிட்டில் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இரும இலக்கம்) ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போய்விட்டால், மீதியில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படி எண்ணிவரும் பழைய சிஸ்டங்களில் 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8:44:07-க்கு இடம் தீர்ந்துவிடும். அடுத்த நொடி தேதி 1901 டிசம்பருக்குத் தாவும்.

கே: பகா எண்தானா? கணினி இல்லாத காலத்திலேயே நிரூபித்துவிட்டார்களாமே, எப்படி?

ப: பகா எண்தான். இத்தாலியக் கணித அறிஞர் கத்தால்தி 1603-லேயே அப்படிச் சொன்னார். ஆனால் நிரூபணம் கணித மேதை ஆய்லருடையது, 1772-ல். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறையப் போயிருந்தது.

வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கப் போனால், நாலாயிரத்துச் சொச்சம் வகுத்தல். ஆய்லர் முதலில் களையெடுத்தார். இதற்குப் பகாக் காரணி இருந்தால் அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால் 248k + 1, 248k + 63 (k ஒரு முழு எண்) என்ற இரு வடிவங்கள்தான் மிஞ்சும். அப்படி மிஞ்சுவது 370 சொச்சம் எண்கள். அவற்றிலும் 63, 249 போன்றவை பகு எண்கள், தள்ளிவிடலாம். முதலில் நிற்பது 311. வகுத்துப் பாருங்கள், மீதி 35. அடுத்தது 1303, மீதி 226. இப்படியே போனால் ஒன்றும் மீதியில்லாமல் வகுக்காது. என்னைக் கேட்டால், இந்த எண்ணின் பெருமை கணினியில் இல்லை, இந்தக் களையெடுப்பில்தான்.

கே: 2-இன் அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே, 1 கழித்து வருவதும் பகா எண் என்று சொல்லப் போதுமா, ஐயா?

ப: போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

கே: நிறைவெண்ணோடு என்ன உறவு?

ப: தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வந்தால் அது நிறைவெண்; 6 = 1 + 2 + 3. நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128, அதுவும் நிறைவெண். இதைவிடப் பெரிய நிறைவெண் கண்டுபிடிக்கப்படாது, பயனில்லாத வேலைக்கு யார் மெனக்கெடுவார்கள் என்ற கருத்தில் 1811-ல் ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ எழுதினார். மெனக்கெட ஆள் இருந்தது: 1876-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 2¹²⁷ − 1-ஐப் பகா எண் என்று காட்டினார்; இதே முறையில் அதிலிருந்தும் ஒரு நிறைவெண் வந்துவிடும். 2024-ல் கிடைத்த இவ்வகைப் பகா எண்ணுக்கு 4 கோடிக்கும் மேல் இலக்கங்கள்!

கே: இது இரட்டைப் பகா எண்ணா, அதாவது இரண்டு தள்ளி இன்னொரு பகா எண் இருக்கிறதா?

ப: இல்லை. முன்னே இருக்கும் 2147483645 ஐந்தில் முடிகிறது. பின்னே இருக்கும் 2147483649 மூன்றால் வகுபடும்.

கே: இந்த எண்ணையே அடுக்காக வைத்து 2-ஐ உயர்த்தி 1 கழித்தால்?

ப: 3, 7, 31, 127 ஆகியவற்றை அடுக்காக வைத்தால் பகா எண் கிடைக்கிறது. அதே ஆசையில் இதையும் பார்த்தார்கள். 64 கோடிக்கும் மேல் இலக்கங்கள் கொண்ட எண் அது. 295257526626031 அதை மீதியின்றி வகுத்துவிடுகிறது.