வளைவில் பைக் வெளியே போகிறதே, ஏன்?

கேள்வி: மூன்று வருடமாக 150 சிசி பைக் ஓட்டுகிறேன். எல்லாம் நகரத்துக்குள்தான், அலுவலகம் போய்வர. போன மாதம் நண்பர்களோடு வயல், குன்று, காட்டோரம் என்று ஒரு நாள் சுற்றினோம். ஒரு வளைவில் பைக் என் பேச்சைக் கேட்காமல் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. நல்ல வேளை, எதிரே வண்டி வரவில்லை. 60-ல்தான் போனேன், டயர் சறுக்கவும் இல்லை. அடுத்த மாதம் ஐந்து பேராக ஒரே நாளில் 300 கி.மீ. போகத் திட்டம். என் வண்டி இதற்குப் போதுமா, பெரிய வண்டி வாங்க வேண்டுமா? கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: வண்டி தாராளமாகப் போதும். கிராமப்புறச் சாலையில் 60-ஐத் தாண்டிப் போக வாய்க்கும் இடமே குறைவு. லாரியை முந்தும்போது மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். வழி தவறினால் குறுகிய பாதையில் தனி ஆளாகத் திருப்பலாம், மண்ணில் சாய்ந்தால் யாரையும் கூப்பிடாமல் தூக்கலாம். எடை குறைந்த வண்டியின் அருமை அப்போதுதான் தெரியும். பெரிய வண்டி வாங்கினால் அதே வளைவில் இன்னும் அதிக எடையோடு வெளியே போவீர்கள், அவ்வளவுதான்.

சரி, அந்த வளைவுக்கு வருவோம். டயர் சறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது. டயருக்குப் பிடி மிச்சம் இருந்தது, வண்டியும் இன்னும் சாயத் தயாராக இருந்தது. சாய்க்க உங்களுக்குத்தான் மனம் வரவில்லை.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டது. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாத விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஓட்டியவரின் தவறால் நடந்தவை. அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை இரண்டு: அளவுக்கு மீறி பிரேக் பிடித்துச் சறுக்கி விழுவது, வளைவில் வேகம் கூடியோ போதுமான அளவு திருப்பாமலோ வெளியே போய்விடுவது. உங்களுடையது இரண்டாவது வகை.

ஒரு சின்னக் கணக்கு. 50 மீட்டர் ஆரம் உள்ள வளைவை 40 கி.மீ. வேகத்தில் எடுக்க வண்டி சுமார் 14 டிகிரி சாய்ந்தால் போதும். அதே வளைவை 60-ல் எடுக்க சுமார் 30 டிகிரி சாய வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு, சாய்வோ இரண்டு மடங்குக்கும் மேல். உலர்ந்த, சுத்தமான தார்ச்சாலையில் நல்ல நிலையில் உள்ள சாதாரண டயரே 30 டிகிரியைத் தாங்கும். ஆனால் நகரத்துக்குள் மட்டும் ஓட்டியவர் அவ்வளவு சாய்ந்த அனுபவமே இல்லாமல் இருப்பார். 20 டிகிரியிலேயே 'விழப்போகிறோம்' என்று மனம் கத்தும், கை இறுகிவிடும், அடுத்த நொடி விரல் முன் பிரேக்கை அழுத்தும். சாய்ந்திருக்கும் வண்டியில் முன் பிரேக் பிடித்தால் பெரும்பாலும் அது நிமிரும். நிமிர்ந்த வண்டி நேராகத்தான் ஓடும். அந்தக் கணத்தில் நேர் என்பது எதிர்ப்பக்கம். 'என் பேச்சைக் கேட்கவில்லை' என்று நீங்கள் சொன்னது இதைத்தான். வண்டி உங்கள் கை சொன்னதை அப்படியே கேட்டது.

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஹேண்டில்பாரின் இடது பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ள வேண்டும். படிக்க விநோதமாக இருக்கும். முன் சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும், வண்டி இடப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கமே ஓடும். மிக மெதுவாகப் போகும்போது தவிர மற்ற எல்லா நேரத்திலும் இரண்டு சக்கர வண்டி இப்படித்தான் திரும்புகிறது. மூன்று வருடமாக நீங்களும் தெரியாமலே செய்துவருகிறீர்கள். விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட், எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டிகள் பலரைக் கேட்டாராம். முதல் தடவையிலேயே முழுதாகச் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. தெரியாமல் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு, பயம் வந்ததும் அந்தப் பழக்கம் கைவிட்டுவிடும். எனவே வாகனம் இல்லாத அகலமான இடத்தில் 30, 40 வேகத்தில் இடது பிடியைத் தள்ளி இடப்பக்கமும், வலது பிடியைத் தள்ளி வலப்பக்கமும் அரை மணி நேரம் பழகுங்கள். வளைவு திடீரென்று இறுகும்போது பிரேக்கைத் தேடாமல் கை தானாகத் தள்ளும் அளவுக்கு.

இன்னொன்று, கண். அன்றைக்கு நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எதிர் ஓரத்து மரம், தடுப்புச் சுவர், ஏதோ ஒரு கல்? எதை விட்டு விலக நினைக்கிறோமோ அதையே வெறித்துப் பார்ப்பது பயத்தின் குணம். கண் எங்கே நிலைக்கிறதோ வண்டி அங்கேயே போகும். தாடையைத் திருப்பி வளைவு முடியும் பக்கத்தைப் பாருங்கள். கழுத்து திரும்பினால் தோளும் கையும் பின்னாலேயே வரும்.

இதெல்லாம் மாட்டிக்கொண்டபின் தப்பிக்கும் வழி. மாட்டாமல் இருக்கும் வழி வளைவுக்கு முன்னாலேயே தொடங்குகிறது. வளையும் சாலையின் இடது ஓரமும் வலது ஓரமும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் தெரியும் இல்லையா, அந்தப் புள்ளியைக் கவனியுங்கள். பிரிட்டனில் போலீஸ் பைக் ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரும் முக்கியமான பாடங்களில் இது ஒன்று. புள்ளி உங்களை நோக்கி வேகமாக நெருங்கினால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். அதே தூரத்தில் நின்றால் உங்கள் வேகம் சரி. விலகி ஓடினால் வளைவு விரிகிறது, மெல்ல ஆக்ஸிலரேட்டரைத் திறக்கலாம். குறைக்க வேண்டிய வேகத்தை எல்லாம் வண்டி நேராக இருக்கும்போதே குறைத்து, கியரையும் இறக்கிவிட்டு உள்ளே போங்கள். ஓரத்து மின்கம்ப வரிசையை நம்பி வளைவைக் கணிப்பவர்கள் உண்டு. நான் நம்புவதில்லை. சாலை வளைந்துபோக, கம்பங்கள் வயலுக்குள் நேராகப் போய்விடும்.

எவ்வளவு வேகம் என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம். 60-ல் போகும்போது, ஆபத்தை உணர்ந்து பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆனால் அதற்குள் 17 மீட்டர் போய்விடும். நல்ல சாலையில் நல்ல பிரேக்கோடு நிற்க இன்னும் 21 மீட்டர். மொத்தம் 38. வேகம் 80 ஆனால் இந்த மொத்தம் 60 மீட்டரைத் தொடும். வேலியும் மேடும் மறைக்கும் வளைவில் 60 மீட்டர் சாலை கண்ணுக்குத் தெரிவதே அபூர்வம். வளைவுக்கு அப்பால் என்ன நிற்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: வயலுக்குள் திரும்பக் காத்திருக்கும் டிராக்டர், ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையைக் கடக்கும் ஆடு மாடு, டிராக்டர் சக்கரத்திலிருந்தும் மாட்டுக் குளம்பிலிருந்தும் உதிர்ந்த ஈர மண். கார்கள் வளைவை வெட்டிப் போகும் இடத்தில் ஓரத்துச் சரளைக் கல் சாலைக்கு ஏறியிருக்கும், அதுவும் நீங்கள் அதிகம் சாய்ந்திருக்கும் உட்பக்கத்தில். மரநிழலில் காலை ஈரமும் ஈர இலையும் வெகுநேரம் காயாமல் கிடக்கும். வெயிலும் நிழலும் புள்ளி புள்ளியாக விழும் சாலை பார்க்க எவ்வளவோ அழகு. பள்ளம் மறைய அதைவிட வசதியான இடமும் கிடையாது. கறுப்பு வைசர் போட்டிருந்தால் இன்னும் மோசம்.

அழகு என்றதும் ஒன்று. காட்சியை நின்று பாருங்கள். ஓட்டிக்கொண்டே பார்க்கும் ஏரி பாதி ஏரிதான், அந்த நேரத்துச் சாலையும் பாதிதான். நேரான பாதையில் பின்னால் தெளிவாகத் தெரியும் இடமாகப் பார்த்து, சாலையை விட்டு முழுதாக இறங்கி நிறுத்துங்கள். வளைவின் வாயில் நிறுத்திப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். மண் இளகியிருந்தால் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் ஒன்றை வையுங்கள். நான் ஒருமுறை கல் வைக்காமல் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றிருந்தேன். பின்னால் ஸ்டாண்ட் மண்ணுக்குள் இறங்கி, வண்டி மிக நிதானமாகப் படுத்துக்கொண்டது. கிளட்ச் லீவர் போனது. அதன்பின் அந்தப் பள்ளத்தாக்கு அவ்வளவு அழகாகத் தெரியவில்லை.

வெயில் விழும் திசையையும் கணக்கில் வைத்துப் பாதையைப் போடுங்கள். காலையில் மேற்கே போய் மாலையில் கிழக்கே திரும்பினால் சூரியன் இரு வேளையும் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. ஆனால் உங்கள் நிழல் நீளமாக முன்னால் விழுந்தால், எதிரே வருபவரின் கண்ணில் அதே வெயில் நேராக அடிக்கிறது என்று பொருள். உங்களுக்கு அவர் பளிச்சென்று தெரிவார், அவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். அந்த நேரத்தில் ஹெட்லைட் எரியட்டும், எதிரே வருபவர் குறுக்கே திரும்புவார் என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

இப்போது அந்த 300 கி.மீ. நெடுஞ்சாலையில் அது பெரிய தூரம் இல்லை. இந்தப் பாதைகளில் நின்று, பார்த்து, சாப்பிட்டுப் போனால் சராசரி மணிக்கு 35 கி.மீ. வருவதே அதிகம். எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிளம்பத் தாமதமானால் கடைசி 80 கி.மீ. களைப்போடும் இருட்டோடும் ஓட்டுவீர்கள், மானும் பன்றியும் சாலைக்கு வருவதும் அந்தி வேளையில்தான். முதல் தடவைக்கு 180 முதல் 200 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கித் தண்ணீர் குடியுங்கள், தாகம் எடுக்காவிட்டாலும். காற்றில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் உடல் வறள்வது தெரியாது.

ஐந்து பேர் போவதில் ஒரே ஒரு விதியைக் கறாராகச் சொல்வேன்: முன்னால் போகிறவர் முந்தினார் என்பதற்காக யாரும் முந்தக் கூடாது. நேர்சாலையில் இடமும் வலமுமாக மாறி மாறிப் போகலாம், முன்னவரோடு இரண்டு நொடி இடைவெளியாவது இருக்கட்டும், வளைவுகளில் ஒற்றை வரிசை. அனுபவம் குறைந்தவர் இரண்டாவதாக வரட்டும். இந்தக் குழுவில் அது நீங்கள்தான் என்றால் கூச்சப்படாமல் அந்த இடத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைசியில் வருபவர் நன்றாக ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சாலை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை முன்னவர் நின்றால் போதும், யாரும் தொலைய மாட்டார்கள், யாரும் துரத்தவும் தேவையில்லை.

வண்டியில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். டயர் காற்றைக் காலையில் ஓட்டும் முன், டயர் சூடாகாதபோது பாருங்கள். ஆள் ஏற்றினாலோ சுமை வைத்தாலோ பின் டயருக்கு எவ்வளவு என்று வண்டியோடு வந்த கையேட்டில் தனியாகப் போட்டிருக்கும். செயின் தளர்வையும் அதே கையேட்டில் பாருங்கள், பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர். உங்கள் டயர் ட்யூப்லெஸ்தானா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆம் என்றால் பஞ்சர் கிட்டும் சின்னப் பம்பும் இருந்தால் சாலையோரத்திலேயே ஒட்டிவிடலாம். ட்யூப் உள்ள டயர் என்றால் அந்தக் கிட்டைச் சுமப்பது வீண்.

பிரேக் ஆயிலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எட்டக்கூடியதுதான். ஆயில் கொதித்தால் லீவர் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றவில்லை என்றால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் கியரை இறக்கி எஞ்சினை இழுத்துப் பிடிக்க விடுங்கள், பிரேக்கை அவ்வப்போது பிடித்து விடுங்கள்.

300-க்குக் கிளம்பும் முன் ஒரு வேலை மிச்சம். வாகனம் குறைந்த ஒரு காலையில், யாரும் உடன் இல்லாமல், அந்த வளைவுக்குத் திரும்பப் போங்கள். சற்று முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாக நடந்து பாருங்கள். எங்கே இறுகுகிறது, எங்கே கல் கிடக்கிறது, எங்கிருந்து பார்த்தால் அந்தப் புள்ளி நெருங்கி வருகிறது என்று காலுக்குத் தெரியட்டும். அப்புறம் 40-ல் ஒருமுறை, பிரேக்கைத் தொடாமல், தாடையைத் திருப்பி, பிடியைத் தள்ளி எடுத்துப் பாருங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகும் கை இறுகினால் நண்பர்களிடம் பயணத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.