வயதுக் கணக்கில் விகிதம்: குறுக்குவழி எங்கே கவிழ்க்கும்?

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். கணக்கை விட்டு 12 வருஷம் ஆகிவிட்டது. 'இருவர் வயது விகிதம் 3:5. ஆறு ஆண்டுகளுக்குப் பின் 2:3. இப்போதைய வயது என்ன?' இந்த மாதிரிக் கணக்குக்குப் பயிற்சி மையத்தில் கொடுத்த குறுக்குவழி சில சமயம் சரியாக வருகிறது, சில சமயம் காலை வாருகிறது. ஏன்?

பதில்: 3:5 என்றால் 3 வயது, 5 வயது அல்ல, 3 பங்கு, 5 பங்கு. ஒரு பங்குக்கு எத்தனை வருஷம் என்பதுதான் தெரியாது. அதற்கு 'ப' என்று பெயர் வையுங்கள். வயது 3ப, 5ப. நான் திருத்தும் தாள்களில் பாதிப் பேர் பங்கோடு வருஷத்தைக் கூட்டி 9:11 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு, அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கூட்ட வேண்டியது வயதோடு: 3ப+6, 5ப+6.

இவை 2:3. குறுக்கே பெருக்கினால் 9ப+18 = 10ப+12. ப = 6. வயது 18, 30. ஆறு வருஷம் கழித்து 24, 36. சரிதான்.

உங்கள் மையம் சொன்னது இதுவாக இருக்கும்: 3:5-இல் வித்தியாசம் 2, அதே வித்தியாசம் வர 2:3-ஐ 4:6 ஆக்கு, 3 பங்கு நாலாகிறது, கூடிய அந்த ஒரு பங்குதான் 6 வருஷம். விடை வரும். ஆனால் இருவருக்கும் ஒரே அளவு கூடும்போது மட்டும். ஒருவர் சம்பளம் 1,000, மற்றவர் சம்பளம் 2,000 கூடினால் கவிழ்த்துவிடும். இதைச் சொல்லாமலே '5 நொடியில் விடை' என்று டெலிகிராமில் காசுக்கு பிடிஎஃப் விற்கிறார்கள். வாங்காதீர்கள். தேர்வுக்கு மூன்று மணி நேரம் தருகிறார்கள். 200 கேள்வியில் கணக்கு 25தான். ஐந்து நொடி யாருக்கு வேண்டும்?

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு 'ப' போதாது. வருமானம் 7:5, செலவு 3:2, ஆளுக்கு 3,000 ரூபாய் சேமிக்கிறார்கள் என்று வரும். வருமானத்தின் பங்கு வேறு, செலவின் பங்கு வேறு. இரண்டுக்கும் ப போட்டால் முதல் ஆளுக்கு 4ப = 3,000, அடுத்தவருக்கு 3ப = 3,000 என்று முட்டிக்கொள்ளும். செலவுக்கு 'ம' வையுங்கள்.

7ப−3ம = 3,000
5ப−2ம = 3,000

முதல் வரியை 2 ஆல், அடுத்ததை 3 ஆல் பெருக்கினால் இரண்டிலும் 6ம வரும்: 14ப−6ம = 6,000, 15ப−6ம = 9,000. கழித்தால் ப = 3,000. வருமானம் 21,000, 15,000. செலவு 18,000, 12,000. இரண்டு விகிதம் தனித்தனியாக வந்தால் இரண்டு எழுத்து, அவ்வளவுதான்.

இயற்கணிதமும் விகிதமும் ஆறாம் வகுப்பு முதல் பருவப் புத்தகத்தில் அடுத்தடுத்த பாடங்கள். இரண்டையும் சேர்த்துக் காட்ட ஒரு வகுப்பு போதும். அதைக்கூடச் செய்யாமல் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பிறகு அவர்களே காசு கட்டிக் குறுக்குவழி கற்கும்படி விடுகிறோம். அந்தப் புத்தகம் இணையத்தில் இலவசம். அந்த இரண்டு பாடத்தையும் இந்த வாரமே எடுத்து வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.