1967 ஜிடிஓ: பெயின்ட்டைப் பார்த்து விலை பேசாதீர்கள்

புது பெயின்ட் அடித்த 1967 பான்டியாக் ஜிடிஓ என்ற பழைய அமெரிக்க காருக்கு 55,000 டாலர் கேட்கிறார்கள், தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலுள்ள வின் (வண்டியின் அடையாள எண்) தகட்டை முதலில் பாருங்கள். 242 என்று தொடங்கினால் ஜிடிஓ. 237 என்றால் அது ஜிடிஓ சின்னம் மாட்டிய லெமான்ஸ், அதாவது பான்டியாக்கின் விலை குறைந்த மாடல். விலையும் லெமான்ஸ் விலைதான். எஞ்சின், கியர்பாக்ஸ் ஃபேக்டரியில் வந்தவையா என்பதற்கு பழைய பான்டியாக் கார்களின் ஃபேக்டரி பதிவுகளை வைத்திருக்கும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் தரும் ஆவணத்தைக் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய பயம் துரு. பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு அரித்தால் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கித் தளத்தைத் தின்றுவிடும். டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பின்சக்கரத்தைச் சுற்றித் துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது துருவை மறைக்கப் பூசிய புட்டி. பின்சக்கரத்துக்கு மேலுள்ள சேஸியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க விடவில்லையென்றால் கிளம்பிவிடுங்கள்.