அட்வான்ஸில் பிடித்த 18,000

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் கிறிஸ்தவ சபையின் சேகரக் கமிட்டியில் இருக்கிறேன். மாலை நேரங்களில் வாலிபர்களோடு தெருத்தெருவாகப் போய்ச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பது வழக்கம். எங்கள் மாடி வீட்டில் நான்கு வருடம் குடியிருந்த ஓர் இந்துக் குடும்பம் போன மாதம் காலி செய்தது. அட்வான்ஸ் 50,000. அதில் பெயிண்ட் அடிக்க 15,000, குழாய் வேலைக்கு 3,000 பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அவர் சண்டை போடவில்லை. “நீங்க ஜெபம் பண்றவங்க சார், கணக்கு சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற என் மகள், “இனிமே கைப்பிரதி கொடுக்கப் போகாதீங்கப்பா” என்கிறாள். ஊரில் எல்லோரும் பிடிக்கிற பணம்தானே? நம்முடைய அன்றாட நடத்தை சுற்றியிருக்கிறவர்களை அவ்வளவு தூரம் பாதிக்குமா?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நான்கு வருடம் ஒரு குடும்பம் புழங்கினால் சுவர் மங்கத்தான் செய்யும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, வெள்ளையடிக்கும் வேலையை வீட்டுக்காரர் பக்கம்தான் போட்டிருக்கிறது. குழாய்க்கு வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையவை. அந்த 3,000 வாஷர், டேப் மாதிரியான செலவு என்றால் வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் போகிற பைப்பை மாற்றியதற்கு என்றால் அதுவும் உங்கள் செலவுதான். பெயிண்டுக்குப் பிடித்தது ஊர் வழக்கம், சரி. ஆனால் அந்த வழக்கத்தைப் பற்றித்தானே நீங்கள் கேட்கிறீர்கள்?

அட்வான்ஸ் என்றதும் எனக்கு பிளினி நினைவுக்கு வருகிறார். இன்றைய துருக்கியின் வடக்கே பித்தினியா என்ற மாகாணத்துக்கு ரோம ஆளுநராக இருந்தவர். நம் ஆள் இல்லை. கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்தவர், விசுவாசத்தை மறுதலிக்காதவர்களைக் கொல்ல உத்தரவிட்டவர். கி.பி. 112 வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பிடிபட்டவர்கள் சொன்னதாக அதில் ஒரு பட்டியல் வருகிறது: விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுவார்களாம். திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம் என்று ஆணையிட்டுக்கொள்வார்களாம். கடைசியாக ஒன்று: நம்பி ஒப்படைத்த பணத்தைத் திருப்பிக் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டோம். உயிர்போகிற விசாரணையில் அந்த ஜனங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டவற்றில் அட்வான்ஸ் பணமும் இருந்திருக்கிறது. அற்புதங்களைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தை கிடையாது.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமான கதை 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்தது. அந்தக் காலத்துக் கடைகளில் கடைக்காரர் ஒரு விலை சொல்வார், வாங்குபவர் பாதிக்குக் கேட்பார், நடுவில் எங்கேயோ போய் முடியும். 1650களில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைப் பின்பற்றிக் கிளம்பிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், கடைக்காரர் தாம் பெற நினைக்காத விலையைச் சொல்வது பொய்தானே என்றார்கள். ஒரே விலை, பேரம் கிடையாது. பெரிய மனிதர்களைப் பார்த்தால் தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்கிற மாதிரி வேறு பிடிவாதங்களும் அவர்களுக்கு உண்டு. அதனால் முதலில் வியாபாரம் படுத்தது. சிலருக்கு ரொட்டி வாங்கக்கூடக் காசில்லை. அப்புறம், சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கொடுக்கிற மாதிரியே கொடுப்பார்கள் என்று ஜனங்களுக்குப் புரிந்தது. கூட்டம் அந்தக் கடைகளுக்குத் திரும்பியது. மற்ற வியாபாரிகள் வயிறெரிந்ததை ஃபாக்ஸே எழுதிவைத்திருக்கிறார். கடைச் சாமானில் விலை ஒட்டி விற்கும் வழக்கத்துக்கு அவர்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அங்கே துணி வாங்கியவர்களும் ஆணி வாங்கியவர்களும் திரண்டுபோய்க் குவேக்கர் ஆகிவிடவில்லை. குவேக்கர்கள் என்றைக்கும் சிறு கூட்டம்தான். கடைவீதியின் வழக்கம்தான் மாறியது. நடத்தை என்றதும் நாம் உடனே ஆராதனைக்குப் புதிதாக எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கிறோம். அது வேறு கணக்கு. உங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் பெயிண்டுக்குப் பிடிக்காமல் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால், எதிர்வீட்டில் காலி செய்கிறவர், “சார் வீட்ல பிடிக்கலையே” என்று கேட்பார். பாதிப்பு என்பது இவ்வளவுதான். இது சின்ன விஷயமும் இல்லை.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை நீங்கள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். நீதிபதி நாற்காலியில் இருந்துகொண்டே லஞ்சத்தைக் கண்டித்துப் பாட்டு எழுதியவர். தாது வருஷப் பஞ்சத்தில் தம் கைப்பொருளைக் கொண்டு பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். அதைக் கண்டு அந்தக் கத்தோலிக்கரைப் புகழ்ந்து பாடியவர் சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார். பாரதியார் மதம் மாறவில்லை, பிள்ளையும் அதற்காகச் சோறு போடவில்லை.

கெட்ட நடத்தையும் இதே மாதிரி பரவும், அதையும் சொல்லத்தான் வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே ஒதுக்கிக் கட்டிய சுவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். வேறு ஊர்களிலும் தனிக் கல்லறை, தனிப் பாதை என்று இருந்திருக்கிறது, இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்றவர்களே சாவுக்குப் பிறகும் சாதி பார்க்கிறார்கள் என்றால், சாதி பார்க்கிற மற்றவர்களுக்கு அது எவ்வளவு வசதியான சாக்கு! நாம் எதுவும் போதிக்காத நேரத்திலும் ஜனங்கள் நம்மிடம் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வாடகைக்காரரும் கற்றுக்கொண்டு போயிருக்கிறார். நாளை அவர் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டால், பெயிண்ட் காசைப் பிடிக்கும்போது உங்களை நினைத்துக்கொள்வார்.

எனவே 15,000-ஐத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பைபிளில் வரும் வரிவசூல்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகக் கொடுக்கிறேன் என்றான். உங்களை யாரும் அவ்வளவு கேட்கவில்லை. கொடுக்கும்போது ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: உறைக்குள் கைப்பிரதி வைப்பது, வசனம் எழுதிய வாழ்த்து அட்டை வைப்பது, “ஆண்டவர் என் இருதயத்தில் பேசினார்” என்று ஆரம்பிப்பது. அது அவருடைய பணம். தம் பணத்தை வாங்கிக்கொள்வதற்கு அவர் பிரசங்கம் கேட்க வேண்டியதில்லை. “கணக்கில் தப்பு நடந்துவிட்டது, மன்னிக்கணும்” என்று ஃபோனில் சொல்லிவிட்டு ஜிபேயில் போட்டுவிட்டாலே போதும். அவர் உங்களை மெச்ச வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். “இப்பதான் ஞாபகம் வந்துச்சாக்கும்” என்று குத்தலாக ஒரு வார்த்தை வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள் விஷயத்தில் என் ஓட்டு மகளுக்கே. பணம் போய்ச் சேரும் வரை கைப்பிரதிப் பையை எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு போவதா வேண்டாமா என்பதை அவளிடமே கேளுங்கள். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, நியாயமாகத்தான் சொல்வாள்.

மாடிக்கு அடுத்த ஆள் வருவதற்குள் ஒரு தாள் எழுதிவிடுங்கள். சுவர் எப்படி இருக்கிறது, குழாய் எத்தனை, எது உடைந்தால் யார் செலவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதில் இல்லாத எதற்கும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதீர்கள்.